பிள்ளைவாளும் ஈரலும்

"ஏட்டி, உங்க அப்பா ஈரல் திங்காராம்லா?"

குற்றாலத்து ஓடையில் முழங்கால் நனைய நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த குழல்வாய்மொழி நிமிர்ந்தாள். கரையில் பக்கத்து வீட்டுத் தாணு மாமா. ஊர் வம்பு ஒருநாள் காதில் விழாவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"யாரு, எங்க அப்பாவா?"

"சாட்சாத் வல்லிநாயகம் பிள்ளையேதான். பரீது கறிக்கடையில வச்சு அவரு வாயாலயே எங்கிட்டச் சொன்னாரு. ரத்தசோகையாம், வைத்தியர் திங்கச் சொன்னாராம். சாயந்தரமானா பரீது வீட்டுக்குள்ள போயிட்டு வாராரு. அங்கனயே சமைச்சுக் குடுக்காங்க போல."

குழல்வாய்மொழிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கல் தண்ணீரில் விழுந்தது.

பின்னே, வராதா? சுத்தச் சைவம், பூசை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர். மடத்துக் குருபூசையில் முதல் பந்திக்குப் பரிமாறுவது அவர் கைதான். அந்தப் பெரிய மனிதர்தான் இந்தச் சாரல் பருவம் தொடங்கிய கையோடு மகளின் ஆராய்ச்சிக்கு உலை வைத்தார்.

அவள் மதராஸில் விலங்கியல் படித்தவள். தட்டைப்புழுவில் ஆராய்ச்சி. நகத்தளவுதான் இருக்கும், மாறுகண் விழுந்தாற்போல இரண்டு கண். குறுக்கே வெட்டிப் போட்டால் வால் துண்டில் புதுத் தலை முளைக்கும். எதுவாகவும் மாறத் தெரிந்த செல்கள் அதன் உடம்பெல்லாம் கிடக்கின்றன. அவை எப்படித் தலையாகின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கல்லூரி திறக்கும்போது தலை முளைத்த புழுவோடு வந்து நிற்காவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் அப்பா பார்த்து வைத்திருக்கும் வீரகேரளம்புதூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

குற்றாலத்து ஓடையில் புழுவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூப்பிட்டதும் வந்துவிடாது. ஆட்டு ஈரலை நூலில் கட்டித் தண்ணீரில் போட்டால்தான் கல்லடியை விட்டுக் கிளம்பும்.

"கறிக்கடைப் பொட்டலம் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது," என்றார் அப்பா.

"எல்லாம் புழுவுக்குத்தாம்ப்பா. அதுவும் வெட்டினா சாகாது. தலை திரும்ப முளைச்சிரும்."

"தலை முளைக்கும், சரி. மானம் போனா முளைக்குமாட்டி?"

கடைசியில் கைகொடுத்தவள் கறிக்கடைப் பரீதின் மனைவி பாத்திமுத்து. துணி துவைக்க ஓடைக்கு வரும்போது ஒரு துண்டு ஈரலை வாழையிலையில் மடித்துக்கொண்டு வருவாள். புழுக் கிண்ணங்கள் இருப்பதும் அவள் வீட்டில்தான், குளிர்ந்த மூலை ஒன்றில். அப்பாவிடம் குழல்வாய்மொழி மூச்சுவிடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டாள்.

"நீங்க ஈரல் திங்கியளாமே?"

அப்பா விபூதிச் சம்படத்தை மூடினார். "வைத்தியர் சொல்லிட்டாரு."

"எம் புழு தின்னா மானம் போவும். நீங்க தின்னா போவாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

இப்படியும் ஒரு மனிதர் உண்டா? அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மடத்தில் சும்மா விடுவார்களா? இந்த வருஷம் நீங்கள் பரிமாற வேண்டாம், பந்தியில் உட்காரவும் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். குருபூசையன்று அப்பா தனியாக உட்கார்ந்து மோர்ச்சோறு பிசைந்தார். நன்றாக வேண்டும் என்று குழல்வாய்மொழி நினைத்தாள். நினைத்த பிறகு மனதைப் பிசைந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பாத்திமுத்து வீட்டில் கிண்ணத்துக்கு மேல் லென்ஸைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வால் துண்டின் முனையில், வெளிறிப்போய், சின்னதாக ஒரு தலை. அதில் இரண்டு புள்ளிக் கண்.

"பாத்திமுத்தக்கா, இங்கன வாங்களேன். தலை வந்துட்டு."

பாத்திமுத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அட அல்லா, கண்ண முழிச்சுல்லா பாக்குது."

குழல்வாய்மொழிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. "நீங்க இல்லேன்னா இது ஏதுக்கா? பெத்த அப்பா எனக்கு ஒரு துண்டு கூடாதுன்னுட்டு, இங்கன வந்து உக்காந்து தின்னுட்டுப் போறாரு."

பாத்திமுத்துவின் முகம் மாறியது.

"யாரு தின்னா? எங்க வீட்ல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருப்பாரா உங்க அப்பா? உனக்குன்னு எடுத்து வச்ச ஈரலைப் பாத்துட்டுத் தாணு அண்ணாச்சி ஒருநாள் கடையில நின்னு, 'தெனமும் இது எந்தச் சைவ வீட்டுக்குப் போவுது?'ன்னு குடைஞ்சாரு. எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லன்னு தெரியாம முழிக்காரு. ரோட்டோட போன உங்க அப்பா காதுல அது விழுந்துட்டு. ஈரல் உனக்குத்தான்னு அவருக்கா தெரியாது? விறுவிறுன்னு கடைக்குள்ள ஏறி வந்து, 'எனக்குத்தான்'னுட்டாரு. கலியாணமாவாத பிள்ளை பேரு ஊர் வாயில விழக்கூடாதுல்லா?"

குழல்வாய்மொழி லென்ஸைக் கீழே வைத்தாள்.

"அப்ப, சாயந்தரம் இங்கன எதுக்கு வாராரு?"

பாத்திமுத்து கிண்ணத்தைக் காட்டினாள்.

"நீ கெளம்பிப் போன பொறவு வந்து இதைத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாப்பாரு. 'தலை வந்துட்டாம்மா?'ம்பாரு. இல்ல அண்ணாச்சின்னு சொன்னா மொகம் வாடிப்போவும். இன்னைக்கு நீயே போய்ச் சொல்லு, தாயி."