அவருக்கு மட்டும் நல்ல தண்ணி

"அந்தக் கிணத்துத் தண்ணிய இனிமே குடிக்காதீங்கம்மா. கிட்னியக் கெடுக்குற கழிவு கலந்திருக்குது," என்றாள், தண்ணீரைச் சோதித்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்த அதிகாரி சத்யப்ரியா.

"இன்னாம்மா சொல்றீங்க? அது எளநியாட்டம் இருக்குது. எங்க வீட்டு போர் தண்ணிதான் ஒரே உப்பு," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"உப்பா இருந்தாலும் அதுல விஷம் இல்ல. எத்தன வருசமா கிணத்துத் தண்ணி குடிக்கிறீங்க?"

"நான் குடிக்கல. பகலெல்லாம் உப்பளத்துல வெந்த மனுசனுக்கு வீட்லயும் உப்புத் தண்ணியான்னு, அவருக்கு மட்டும் ஆறு வருசமா ரெண்டு மைல் நடந்து எடுத்தாறேன்."

"அப்ப அவர உடனே டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

கொளஞ்சியம்மாள் உள்ளே போய், கிட்னி கெட்டு இறந்த கணவனின் படத்துக்கு முன்னால் படைத்திருந்த டம்ளர் தண்ணீரை எடுத்துக் கொட்டினாள். பிறகு அதில் போர் தண்ணீரை நிரப்பி வைத்தாள்.