திட்டே வாங்காத பிரிண்டர் நிரல்

கணினியை உள்ளிருந்து ஓட்டும் கெர்னலில், பழைய பிரிண்டரை இயக்கும் நிரலும் புளூடூத்தை இயக்கும் நிரலும் பக்கத்துப் பக்கத்து வீடு. புளூடூத்தைத் திட்டித் தினமும் புகார் வரும். உடனே நாலு பொறியாளர்கள் ஓடிவந்து அதைச் சீராட்டுவார்கள். பிரிண்டர் நிரலுக்கு வயிறு எரியும்.

“ஒரு தப்பும் பண்ணாத என்னை ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. உனக்கு மட்டும் ராஜ உபசாரம்!”

“திட்டு வாங்குறது நான்தானே, அண்ணே?” என்றது புளூடூத்.

“அதையாவது எனக்குக் குடுத்தாங்களா?”

ஒருநாள் பொறியாளர்கள் கெர்னலைச் சுத்தம் செய்தார்கள். “இந்தப் பிரிண்டர் நிரலைப் பத்தி யாரும் பேசினதே இல்ல. யாருக்கும் வேணாம் போல” என்று அழித்துவிட்டார்கள்.

மறுநாள் வந்த புகார்களில் புளூடூத்தின் பெயரே இல்லை. “எங்க பிரிண்டரை எந்த மடையன் எடுத்தான்?” என்று ஊரே திட்டியது.

அதைப் படித்த புளூடூத்துக்கு வயிறு எரிந்தது.