வெற்றிலை பார்டர்

இது நான் நேரில் பார்த்ததல்ல; ஹம்சவேணி சொல்லித்தான் தெரியும். விளாங்குடியில் ஒரு டிஜிட்டல் ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரில் போட்டோக்களுக்கு பார்டர் போடுவது அவள் வேலை. 2006-இல், காலேஜ் ரிசல்ட் எல்லாம் வந்திருந்த நேரம்.

"அந்த மூஞ்சியப் போட்டா, போட்டோவே வேணாம்னு எந்திரிச்சுப் போயிருவேன்ப்பா!"

செல்லக்கிளி கத்தியதில் ஹம்சவேணியின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பேயாண்டி, மகள் செல்லக்கிளியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் வகையறாவிலேயே முதல் பட்டதாரி அவள்தான். ஸ்டூடியோவில் இருந்த பட்டமளிப்பு அங்கியைப் போட்டுப் படம் எடுத்தாயிற்று. பார்டர் போட்டு, ஃப்ளெக்ஸ் பேனராக அடித்து, ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்ட வேண்டும்.

ரோஜா, திராட்சைக்கொடி, மயில்தோகை என்று கம்ப்யூட்டரில் இருந்த பார்டர்களை எல்லாம் ஹம்சவேணி காட்டினாள். பேயாண்டி உதட்டைப் பிதுக்கினார்.

"வெத்தலக்கொடி இல்லையா தாயி?"

"அதையெல்லாம் யாருண்ணே பார்டரா வச்சிருப்பா?"

அவர் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, வேட்டியில் துடைத்து நீட்டினார். ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அதை ஸ்கேனரில் வைத்துப் படமாக்கினாள். ஒன்றைப் பலவாக்கி, காம்போடு காம்பு சேர்த்து, போட்டோவைச் சுற்றிலும் கொடியாக ஓடவிட்டாள். பேயாண்டி கொண்டுவந்திருந்த படங்களிலிருந்து, இலைக்கு ஒரு சொந்தக்காரர் முகம். சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன்மார்.

"எம்புட்டு அழகா இருக்கு!" என்றாள் செல்லக்கிளி. முகமெல்லாம் பல்.

மிச்சம் இருந்தது, அவள் தலைக்கு நேர் மேலே இருந்த பெரிய இலை மட்டும்தான்.

"அதுல அப்பா படம்க்கா."

"இல்ல தாயி. அதுல இவ மாமன் கருப்பு. என் வீட்டுக்காரிகூடப் பொறந்தவன்." பேயாண்டி ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து வைத்தார். "கீழ, 'மருமகளைப் படிக்க வைத்து அழகு பார்த்த தாய்மாமன்'னு கொட்டை எழுத்துல போடு."

அதற்குத்தான் அந்தக் கத்தல்.

"நீங்களே கேளுங்கக்கா. 'பொட்டப்புள்ளையக் காலேஜுக்கு அனுப்புனா எவன்கூடயாச்சும் ஓடிரும்'னு ஊரெல்லாம் சொன்னது இந்த மாமாதான். நான் காலேஜ் சேர்ந்த அன்னையிலருந்து எங்க வாசப்படிய மிதிக்கல. இவரு என்னையப் படிக்க வச்சாராம்!"

ஹம்சவேணிக்கும் மனசு ஒப்பவில்லை. காதுகுத்து பேனர், சடங்கு பேனர் என்று எத்தனையோ தாய்மாமன்களை அவள் உச்சியில் ஏற்றியிருக்கிறாள். முறை என்றால் முறைதான். அதற்காக இப்படியா?

"அவரு பெரிய ஆளாண்ணே?"

"ரைஸ் மில் வச்சிருக்கான். ஊர்ல நாலு பேரு மதிக்கிறவன்."

அப்படியா சேதி, என்று நினைத்துக்கொண்டாள். பணக்கார மச்சானுக்குக் காக்கா பிடிக்கிறார். அதுவும் பெற்ற மகளின் படத்தை வைத்து.

"இது பச்சைப் பொய்யில்லையாண்ணே? பொய்ய நான் எப்படி டைப் அடிக்கிறது?"

"பொய்தேன். நல்லாப் பளிச்சுன்னு அடி."

செல்லக்கிளி அங்கியைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"உக்காரு கழுத," என்றார் பேயாண்டி. குரல் உயரவில்லை. "ஒனக்கென்ன, படிச்சு முடிச்சுட்ட. பேனர்ல என் மூஞ்சி இருந்தாலும் இல்லாட்டியும் எம்மக பட்டதாரிதேன். அது எனக்குப் போதும். மாமன் மக பாண்டிமீனாவ நெனச்சுப் பாத்தியா? ப்ளஸ் டூ முடிச்சுட்டு, காலேஜுக்குப் போகணும்னு வீட்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. நான் போய்ச் சொன்னா உன் மாமன் கேப்பானா?"

"கேக்க மாட்டாரு."

"சண்ட போட்டா?"

"இன்னும் கேக்க மாட்டாரு."

"பஸ் ஸ்டாண்டுல இந்தப் பேனர் நின்னா, போறவன் வாரவனெல்லாம் 'அண்ணே, மருமகளையே படிக்க வச்சுட்டீகளே'ன்னு அவன் கையப் பிடிச்சுக் குலுக்குவான். அவனும் இல்லைன்னு சொல்ல மாட்டான். நாலு நாள் மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியட்டும். அதுக்கப்புறம் எவனாச்சும் ஒருத்தன், 'அப்ப ஒங்க மக எந்தக் காலேஜுண்ணே?'ன்னு கேப்பானா, மாட்டானா?"

செல்லக்கிளி காலில் மாட்டிய செருப்பைக் கழற்றினாள். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மாமா மூஞ்சிய இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க."

ஹம்சவேணி எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அதனால், அந்த வருஷமே பின்னொரு நாள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போனபோது, செல்லக்கிளி படித்த கல்லூரியில் நானே விசாரித்தேன். பாண்டிமீனா அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வருடம், தாவரவியல். கூட்டிவந்து சேர்த்தவர் அவள் அப்பா கருப்பு. "எங்க வீட்டுப் பொம்பளப்புள்ளைகள எல்லாம் படிக்க வைக்கிறது நாந்தேன்" என்று ஆபீஸில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் போனாராம்.