முப்பது ரூபாய் டிக்கெட்

"நேராவே கேக்கறேனுங்க. சொன்னீங்களா, இல்லீங்களா?"

முகமது யூசுப் ஹால்ட் ஸ்டேஷன் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு கேட்டான். கீழே ஒன்றியக் கவுன்சிலர் பெரியண்ணன் மொபெட் சாவியைக் கையில் உருட்டியபடி நின்றார்.

"சொன்னேனுங்க."

"என்னன்னு சொன்னீங்க?"

"பாசஞ்சர் டிக்கெட்டை முப்பதுல இருந்து பழையபடி பத்து ரூபாய்க்கே கொண்டாந்து தர்றேன்னு சொன்னேனுங்க."

"எப்பச் சொன்னீங்க?"

"ஓட்டுக் கேட்டு வந்தப்பங்க."

கூட்டம் சிரித்தது.

மஞ்சக்குட்டையில் விடிந்ததும் ஜீப் பிடித்து, குப்பனூரில் இறங்கி, இந்த ஹால்ட்டில் ரயிலேறிச் சேலத்துக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அது. யூசுப் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அவனை யாரும் தலைவனாக்கவில்லை. சத்தமாகப் பேசுவான், அவ்வளவுதான். இன்றைக்குக் கவுன்சிலரை விடுவதில்லை என்று முடிவு கட்டி, பேப்பர் நிருபர் எல்வினையும் வரச் சொல்லியிருந்தான்.

"போக முப்பது, வர முப்பது. மாசத்துக்கு இருபத்தாறு நாளு. வாங்கற சம்பளத்துல என்னங்க மிஞ்சும்?"

"புள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியலீங்க" என்றாள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ஹசீனா.

பெரியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிக்கெட் கவுன்டர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எல்வின் தூக்கிப் பிடித்திருந்த செல்போனைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, வாயில கொழுக்கட்டையா?"

"நீங்க சொல்றாப்பலயே இருக்கட்டுங்க."

"அப்படின்னா இனிமே ஓட்டுக் கேட்டு எங்க ஊருப் பக்கம் வர மாட்டேன்னு பேப்பர்காரர் முன்னால சொல்லிப் போடுங்க."

இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவைதான் ஜெயித்திருந்தார் மனுஷன். அந்தப் பதவி அவருக்கு எவ்வளவு பெரிசு என்று யூசுப்புக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

"அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கலீங்க" என்றார் பெரியண்ணன்.

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. யூசுப்புக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

"அருமைங்க பாய்" என்றான் எல்வின். "ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அந்த முப்பது ரூபாய் டிக்கெட்டைக் கையில தூக்கிப் பிடிங்க. விலை தெரியணும்."

யூசுப் கூட்டத்தைப் பார்த்தான். "யாராச்சும் டிக்கெட்டைக் குடுங்க."

ஹசீனா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். தேடிக்கொண்டே இருந்தாள். அவள் பக்கத்தில் நின்ற ரஞ்சித் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மற்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்து ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

யூசுப்புக்குச் சுருக்கென்றது. தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தான்.

விலை முப்பதான அன்றே அவன் டிக்கெட் எடுப்பதை நிறுத்திவிட்டான். செக்கிங் இந்தப் பக்கம் வருவதில்லை. பழையபடி பத்து ரூபாய் ஆகட்டும், அன்றைக்கே எடுக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு சத்தியமும் செய்து வைத்திருந்தான். அதனால் அது தப்பு என்றே தோன்றவில்லை. ஊர் மொத்தமும் அதே சத்தியத்தைத்தான் செய்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"என்னோடதை ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். ஒரு நிமிசங்க" என்று கவுன்டருக்கு நடந்தான்.

கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் பிரிஸ்கில்லா அவனை ஊருக்குப் புதிதாய் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை நீட்டினான். ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தள்ளினாள். டிக்கெட்டோடு ஒரு மிட்டாயும் வந்தது.

"முப்பதுங்களே?"

"பத்துதானுங்க. அஞ்சு மாசமாச்சு. நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாக்கலீங்களா?"

சன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தது நோட்டீஸ். அதைப் படிக்கிற தூரத்துக்கு இந்த ஐந்து மாதத்தில் அவன் ஒரு நாளும் வந்ததில்லை.

"கவுன்சிலரய்யாதான் ஆபீஸ் ஆபீஸா நடையா நடந்து வாங்கிட்டு வந்தாரு. அவரே ஒட்டினாரு. டிக்கெட் எடுக்க வர்றவங்களுக்கெல்லாம் குடு கண்ணுன்னு ஒரு டப்பா மிட்டாயும் வாங்கி வெச்சாரு." டப்பாவைத் திறந்து காட்டினாள். "முந்தாநேத்து வந்து பாத்தாருங்க. அப்படியே இருக்குது."

யூசுப்புக்கு முகம் காந்தியது. அந்த மனுஷனை நடுவில் நிறுத்தி, பெஞ்சின் மேல் ஏறி நின்று கேள்வி கேட்டதை நினைக்க நினைக்க, நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பெரியண்ணன் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். யூசுப் ஓடிப் போய் எதிரில் நின்றான். தலை நிமிரவில்லை.

"ஏனுங்கய்யா, பத்து ரூபாய் ஆயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"பாய், டிக்கெட் கெடச்சுதுங்களா?" என்று பின்னாலிருந்து எல்வின் கூப்பிட்டான்.

பெரியண்ணன் அவசரமாக யூசுப் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி, மடித்து, அவன் சட்டைப் பையிலேயே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொன்னா, மஞ்சக்குட்டைச் சனம் பூராவும் ஓசியில ரயிலேறுதுன்னு நாளைக்குப் பேப்பர்ல வருமுங்களே பாய். அதுக்கு நான் ஒருத்தன் பொய்யனா இருந்துட்டுப் போறனுங்க."