கேள்வி நேரம்

"ஐயா, கேள்வி இருந்தா கேளுங்க. சுயசரிதையைப் புத்தகமா போட்டீங்கன்னா நாங்களே வாங்கிப் படிச்சுக்கறோம்."

மேடையிலிருந்து அவள் சொன்னதும் அரங்கமே சிரித்தது.

மைக்கோடு நின்றவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இல்ல, அந்த ஏணி..." என்று இன்னும் ஏதோ இழுத்தார். சிரிப்பு அடங்காததால் உட்கார்ந்துவிட்டார்.

பின்னே என்ன? நகராட்சி ஆணையர்கள் மாநாட்டில் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை. குழாய்க் கசிவில் வீணாகும் குடிநீரைக் குறைத்த கதையை இருபது நிமிடம் தடங்கலில்லாமல் சொல்லி முடித்திருந்தாள். கைதட்டலும் பலம். கேள்வி நேரமே மொத்தம் ஐந்து நிமிடம். அதில் மூன்றை இந்த மனிதர் விழுங்கிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் சாத்திய ஏணி, ஏணிக்கு எத்தனை படி... எவ்வளவுதான் பொறுப்பது?

மைக் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் போனது. அவர் மடியில் அவளுடைய நகராட்சியின் ஆண்டறிக்கை விரிந்திருந்தது.

"கசிவு நாலு சதவீதம்னு திரையில போட்டிருக்கீங்க மேடம். உங்க ஆண்டறிக்கை பதினாலுன்னு சொல்லுதே. எது நிஜம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாலுதான். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய ஒன்று என்ற இலக்கத்தைக் காணோம். அவளே அவசரத்தில் அடித்தது. சரிபார்க்கவில்லை.

"அது... தட்டச்சுப் பிழை..."

"எங்க ஊர்க் கசிவையும் இப்படியே அடைச்சுக் கொடுங்களேன்."

மறுபடியும் அரங்கம் சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து.

கூட்டம் கலைந்ததும், அமர்வுக்குத் தலைமை தாங்கிய அம்மாள் ஒரு துண்டுச் சீட்டை அவளிடம் நீட்டினார்.

"ஏணிக் கதை சொன்னாரே, அவர் கேள்வி நேரத்துக்கு முன்னாடி எனக்குக் கொடுத்தனுப்பினதும்மா."

பிரித்தாள்.

'மைக்கை முதலில் எனக்குத் தாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு கணக்குப் பிழையைப் பிடித்துவிட்டார். சபையில் வைத்து மானத்தை வாங்கப் போகிறார். மணி அடிக்கும்வரை நான் எதையாவது பேசி ஓட்டுகிறேன். அந்தப் பெண் மேடையை விட்டு இறங்கியதும் தனியாகச் சொன்னால், தானே திருத்திக்கொள்வார்.'

சீட்டைக் கையில் பிடித்தபடியே அரங்கத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எங்கே மேடம் அவர்? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடறேன்."

"சாப்பிடாமலே கிளம்பிட்டாரேம்மா. ரொம்பக் கூச்ச சுபாவம். இருபது வருஷமா ஒவ்வொரு மாநாட்டுக்கும் வந்து, ஒரு ஓரமா உட்கார்ந்து குறிப்பெடுத்துட்டுப் போறவர்..." அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"இன்னைக்குத்தான் முதல் தடவையா மைக்கைக் கையில வாங்கினார்."