புதிதாக வந்த இரண்டு

மூன்றாவது கரண்டிக் கஞ்சிக்கு மீனம்மா வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாளாக இப்படித்தான். இன்றும் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“போதும்டி. இந்தக் கஞ்சி உள்ள போயி இனி என்னா செய்யப் போவுது?”

மகள் ஜெயாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மலாக்காவில் உயிரியல் ஆசிரியை. கெஞ்சிப் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. இப்போது அவளிடம் மிஞ்சியிருந்தது பாடம்தான்.

அம்மாவின் உள்ளங்கையை விரித்து, விரலால் மெல்ல ஒரு வட்டம் போட்டாள்.

சோறு உடைந்து உடைந்து கடைசியில் இரண்டு கார்பனாகிறது. உயிரணுவுக்குள் நான்கு கார்பன் ஏற்கெனவே காத்திருக்கிறது. இரண்டும் நான்கும் சேர்ந்து ஆறு. அதுதான் சிட்ரிக் அமிலம். சுற்றி வரும் வழியில் இரண்டு கழன்று மூச்சோடு வெளியே போய்விடும். மறுபடி நான்கு. மறுபடி இரண்டு வரும். இந்தச் சுழற்சியில் கிடைக்கும் சக்தியில்தான் நெஞ்சு துடிக்கிறது.

விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. மதிய வெயில் திரைச்சீலையில் ஊறி, ஆஸ்பத்திரிக் கட்டில் முழுக்க மஞ்சளாய்ப் பரவியது. மீனம்மா கண்களை மூடினாள். உடம்பெங்கும் சின்னச் சின்ன வட்டங்கள் சத்தமில்லாமல் சுழல்வது போல இருந்தது அவளுக்கு.

“வந்த ரெண்டும் அப்பவே ஓடிடுதா?”

“இல்லம்மா. அந்தச் சுத்துல வெளிய போறது பழசு. புதுசா வந்தது உள்ளயே தங்கிடும். வந்த எடத்தோட கலந்துடும்.”

மீனம்மா கண்ணைத் திறந்து மகளை வெகுநேரம் பார்த்தாள்.

“உன்ன மாதிரி” என்றாள்.

பிறகு வாயைத் திறந்தாள்.

ஐந்தாவது கரண்டியின்போது புதிய தாதி ஒருத்தி உள்ளே வந்தாள். ஜெயாவின் முகத்தைப் பார்த்ததும் சிரித்து, சீன மொழியில் ஏதோ கேட்டாள்.

ஜெயாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பிறந்த பன்னிரண்டாம் நாள், அவளைப் பெற்ற சீனக் குடும்பம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்து மீனம்மாவின் கையில் அவளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தமிழ்தான்.

தாதி குழம்பிப்போய் மலாயில் கேட்டாள், பாட்டிக்கு நீங்கள் யார் என்று.

ஜெயா பதில் சொல்வதற்குள், மீனம்மா வாயிலிருந்த கஞ்சியை அவசரமாக விழுங்கினாள்.

“அனாக் சாயா” என்றாள். என் பிள்ளை.