பத்து லட்சத்து மூன்று

“பகா எண்ணா? வேறெதாலும் வகுபடாதே. இதுக்கு எங்கேம்மா மாப்பிள்ளை தேடறது?”

“கிடைக்கலைன்னா நீங்களே வந்துடுங்க, மாமா.”

தரகரிடம் சிரித்து மழுப்பியது அகல்யாவுக்கு நினைவு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறந்ததும் ஆளுக்கோர் எண் தருவார்கள்; அந்த இரண்டையும், ஒன்றைத் தவிர வேறொரு பொது எண் மீதியின்றி வகுத்தால்தான் கல்யாணம். தரகர்கள் நூறு வரைதான் வகுத்துப் பார்ப்பார்கள்.

அலுவலக கேன்டீனில் எதிரே இருந்த இன்பராஜ் அலுத்துக்கொண்டான். “எனக்கு இரட்டை எண். ஊர்ல பாதிப் பேர் பொருந்தறாங்க. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பெண் வீட்டார் வராங்க.”

“அப்படியென்ன எண்?”

தன் எண் அட்டையை நீட்டினான்: 20,00,006.

அகல்யா அதைத் தன் எண்ணான பத்து லட்சத்து மூன்றால் வகுத்தாள். சரியாக இரண்டு. நம்பாமல் மறுபடி வகுத்தாள். மீதியே இல்லை.

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“சனிக்கிழமையே எங்க வீட்டுக்குப் பெண் கேட்டு வாங்களேன், இன்பா.”